தொடை எலும்பு ஒன்றான நாள்

திருப்பதியில் ஒரு கல்லூரியின் நிலவியல் துறையில் அட்டெண்டராக நான் சேர்ந்தபோது, எனக்குத் தெரிந்த ஒரே டைனோசர் என் மகளின் பென்சில் டப்பாவில் ஒட்டியிருந்த பச்சை ஸ்டிக்கர்தான்.

அதற்கு முன் ஆறு வருஷம் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில், செல்போன் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தேன். எங்கள் ஊர் சத்தியவேட்டுக்குப் பக்கம். காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போனால், நாள் முழுக்கக் கண்ணாடியில் கீறல் தேடுவதுதான் வேலை. கேமராவின் மேல் பொருத்துகிற, சுண்டுவிரல் நகம் அளவுக் கண்ணாடி. நேராகப் பிடித்துப் பார்த்தால் பளிங்கு மாதிரி இருக்கும். விளக்கின் கீழே கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தால், ஏதோ ஒரு கோணத்தில் தலைமுடி போல ஒரு கோடு மின்னி மறையும். அந்த நொடியைத் தவறவிட்டால் கெட்ட கண்ணாடி நல்ல கண்ணாடியோடு போய்விடும். எனக்கு அது தவறியதில்லை. என் வீட்டுக்காரருக்கு ரேணிகுண்டாவில் லாரி ஒர்க்‌ஷாப் ஒன்றில் மெக்கானிக் வேலை கிடைத்ததும் நாங்கள் திருப்பதிக்குக் குடி வந்தோம். அந்த வேலையை விட்டேன். பழகிய கண்ணை எங்கே விடுவது?

துறையில் முதல் நாள் பெருக்கிக்கொண்டே வந்தேன். மாடிப்படிக்குக் கீழே, உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில், வெள்ளையாக இரண்டு நீள உருப்படிகள் கிடந்தன. ஆள் காலுக்குப் போடுகிற மாவுக்கட்டு மாதிரியே இருந்தது. ஆனால் ஒவ்வொன்றும் அரிசி மூட்டை பருமன். துறைத்தலைவர் அந்தப் பக்கமாக வந்தார்.

"யாருக்குக் கால் ஒடிஞ்சிச்சி, மேடம்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்த சிரிப்பில் வகுப்பிலிருந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். "டைனோசருக்கும்மா. மேல இருக்கறது நிஜமாவே மாவுக்கட்டுதான்."

மேடத்துக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. புத்தூர்ப் பக்கம் பிறந்தவர். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். என்னோடு தமிழில் தொடங்குவார், பாதி வாக்கியத்தில் தெலுங்குக்குத் தாவிவிடுவார். அந்த எலும்புகளின் கதையை அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. டீ கொண்டுபோய் வைக்கும்போது ஒரு பங்கு, பீரோ துடைக்கும்போது ஒரு பங்கு என்று அது எனக்கு வந்து சேர்ந்தது.

வடக்கே, பிராணஹிதா ஆறு கோதாவரியோடு சேரும் பக்கத்தில், கோட்டா என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே தெரிகிற பாறை அடுக்குக்கும் அதே பெயர். டைனோசர்கள் நடமாடிய காலத்தில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் சேறும் இறுகிக் கல்லான அடுக்கு அது. மேடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது அங்கே கூடாரம் போட்டுத் தங்கித் தோண்டியிருக்கிறார். ஒரு வயல் வரப்பில் தொடை எலும்பின் மேல்பாதி கிடைத்தது. அங்கிருந்து இருபது தப்படி தள்ளி, ஓடை அரித்த கரையில் ஒரு கீழ்ப்பாதி. இரண்டும் ஒரே எலும்புதான், வெள்ளம் பிரித்துப் போட்டிருக்கிறது என்று மேடம் நம்பினார். துண்டு துண்டாக வந்ததையெல்லாம் சுத்தம் செய்து ஒட்டி, இரண்டு பாதிகளையும் முனைக்கு முனை வைத்துப் பார்த்தபோது அவை சேரவில்லை. நடுவில் உள்ளங்கை நுழைகிற இடைவெளி.

அப்போது டைனோசர் ஆராய்ச்சியில் பெரிய பெயரெடுத்த ஒரு நிபுணர் வந்து பார்த்தார். "இது ரெண்டு மிருகம்" என்றார். ஒரு கட்டுரையில் அப்படியே எழுதியும் விட்டார். மேடம் ஒரு கூட்டத்தில் எழுந்து, இல்லை, ஒன்றுதான் என்று வாதாடியிருக்கிறார். ஒட்டாததை ஒன்று என்கிறாளே என்று அரங்கமே சிரித்ததாம்.

"ரெண்டுக்கும் மறுபடி மாவுக்கட்டுப் போட்டு மூடிட்டேன். அப்புறம் நா எலும்புப் பக்கமே போகலம்மா. நிலத்தடி நீர் எடுத்துக்கிட்டேன். தண்ணி இருக்கா இல்லயான்னு போர் போட்டாத் தெரிஞ்சிடும். யாரும் சிரிக்க மாட்டாங்க."

அதைச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜையில் இல்லாத தூசியைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார்.

நான் சேர்ந்த அடுத்த வருஷம், துறையில் ஒரு காட்சிக்கூடம் அமைக்க அனுமதி வந்தது. படிக்குக் கீழே கிடந்தவற்றை வெளியே எடுத்து, மாவுக்கட்டை அறுத்து, நீளமான மேஜையில் மணல் பரப்பி அதன்மேல் கிடத்தினார்கள். பழைய மெருகெண்ணெய் மஞ்சளாகி, அதில் தூசி அப்பிக் கிடந்தது. அதைப் பஞ்சாலும் பிரஷ்ஷாலும் எடுக்கிற வேலை எனக்கு வந்தது. கண்ணாடிப் பெட்டியில் ஒட்டுவதற்கான சீட்டுகூடத் தயாராகிவிட்டது: 'இரு வேறு விலங்குகளின் தொடை எலும்புகள்'. அந்தச் சீட்டை மேடம்தான் எழுதினார்.

கல்லான எலும்பு கல்லைப் போலவே கனக்கும். ஆனால் கல்லைப் போல இருக்காது. மேல்தோலில் நீளவாக்கில் மெல்லிய வரிகள், உடைந்த வாயில் தேன்கூடு மாதிரிச் சின்னச் சின்னக் கண்கள். நல்லி எலும்பைக் கடித்தவர்களுக்கு அது யாரும் சொல்லாமலே புரியும். பக்கத்தில் யாரும் இல்லாத நேரத்தில் அதோடு பேசிக்கொண்டே துடைத்தேன். எவ்வளவு தூரம் நடந்திருப்பாய், யார் உன்னை அடித்துக்கொண்டு வந்தது என்று.

நாலாம் நாள் மத்தியானம் கரண்ட் போனது. மேஜை இருட்டாகிவிட்டது. வேலையை விட மனமில்லாமல், செல்போன் டார்ச்சைப் போட்டு மணல்மேலேயே படுக்க வைத்தேன். வெளிச்சம் எலும்பின் மேலே பக்கவாட்டில் ஊர்ந்தது. அப்போதுதான் அந்தக் கோடு தெரிந்தது.

எலும்பு மண்ணுக்குள் கிடந்த காலத்தில் ஏற்பட்ட ஒரு மயிரிழை விரிசலில் கரிய உப்பு இறங்கியிருந்தது. தலைப்பக்கம் தொடங்கி, தண்டைச் சுற்றி, இடமிருந்து வலமாகச் சரிந்து கீழே இறங்கியது. துண்டு மாறித் துண்டு வந்தாலும் கோடு விட்டுப்போகவில்லை. கடைசியில், உடைந்த வாயோரம் ஒட்டியிருந்த உள்ளங்கை அளவுத் துண்டில் மட்டும், கோடு ஒரு விரற்கடை தள்ளித் தொடங்கி வேறு பக்கம் வளைந்தது. அதுவரை ஒரு பக்கமாக வளைந்து வந்தது திடீரென்று எதிர்ப்பக்கம் வளைகிற மாதிரி.

என் கை நின்றது. கம்பெனியில் கீறல் கண்டால் அடிவயிற்றில் ஒரு சின்னத் துள்ளல் வரும். அதே துள்ளல்.

கரண்ட் வந்த பிறகு பார்த்தேன், மெருகெண்ணெயின் பளபளப்பில் கோடே தெரியவில்லை. விளக்கை அணைத்துவிட்டு டார்ச் வைத்தேன், மறுபடி வந்தது. மறுநாள் என் மகளின் கைவேலைக்கு வாங்கிய பட்டர் பேப்பரில் ஒரு தாளை எடுத்துப் போனேன். அந்தத் துண்டின் மேல் வைத்து, ஓரத்தையும் கோட்டையும் அப்படியே பென்சிலால் எடுத்தேன். வெட்டியெடுத்த தாளைத் தலைகீழாகத் திருப்பி அதே இடத்தில் வைத்தேன்.

மேலேயிருந்து வந்த கரிய கோடு என் பென்சில் கோட்டுக்குள் நேராக நுழைந்தது.

துண்டைத் தலைகீழாக ஒட்டியிருக்கிறார்கள். அதனால் அதன் தடித்த பக்கம் வாய்க்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. அது துருத்தினால் கீழ்ப்பாதி எப்படி நெருங்கும்?

அதன் ஓரத்தில், மங்கிப்போன மையில் ஓர் எண் இருந்தது. ஏழு. நடுவில் ஒரு சின்னக் குறுக்குக் கோடு போட்ட ஏழு. துறையின் வருகைப் பதிவேட்டில் தினமும் பார்க்கிற ஏழு அது. இங்கே அப்படி எழுதுகிறவர் ஒரே ஒருவர்தான். ஒட்டியது மேடமேதான்.

அன்று வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னா, துன்னாம உக்காந்துக்கினு கீற?" என்றார் என் வீட்டுக்காரர்.

சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"நீ பத்தாவது. அந்தம்மா டாக்டரு. நீ போயி, மேடம் நீங்க தப்பா ஒட்டிக்கிறீங்கன்னு சொல்லப் போறியா?"

"அதான் பயமா கீது."

சோற்றில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "பிஸ்டன் ரிங்கத் தலைகீழாப் போட்டா வண்டி ஓடும். ஆனா பொகையாக் கக்கும். அத யாரு போட்டான்னு நாங்க கேக்க மாட்டோம். கயட்டித் திருப்பிப் போடுவோம், அவ்ளோதான். போயி சொல்லு."

மறுநாள் மேடத்தின் அறைக்குப் போகாமல், அவரை மேஜைக்குக் கூப்பிட்டேன். சன்னலைச் சாத்தினேன். விளக்கை அணைத்தேன். டார்ச்சைப் படுக்க வைத்தேன். 

"இந்தக் கோட்ட மட்டும் பாருங்க மேடம். எங்கிருந்து வருது, எங்க போவுதுன்னு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். விரல் நுனியால் கோட்டைத் தொடர்ந்து போனார். அந்தத் துண்டில் விரல் நின்றது. நான் பட்டர் பேப்பரை நேராக வைத்தேன். பிறகு தலைகீழாகத் திருப்பினேன்.

மேடம் நிமிரவில்லை. இரண்டு தடவை தாளை எடுத்துத் தாமே வைத்துப் பார்த்தார். அப்புறம் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

"இது நா ஒட்டினது" என்றார்.

"தெரியும் மேடம். ஏழு போட்டிருக்கீங்க."

"ஊருக்குப் போற அவசரம். பஸ்ஸுக்கு நேரமாச்சு. எல்லாம் முடிச்சாச்சு, இது ஒண்ணுதானேன்னு…" நிறுத்தினார். "ரெண்டு மிருகம்னாரே, அவரு பேர்ல எவ்ளோ கோவம் எனக்கு, தெரியுமா? இத்தன வருஷமா. அவரு கண்ணு முன்னாடி இருந்தத வச்சித்தான் சொன்னாரு. கண்ணு முன்னாடி தப்ப வச்சவ நா."

வேலை போனது என்றே நினைத்தேன். மேடம் எழுந்தார். முகத்தை முந்தானையால் அழுந்தத் துடைத்தார்.

"அசிட்டோன் எந்த பீரோல இருக்கு?" என்றார்.

அசிட்டோன் நகப்பூச்சை அழிக்கிற திரவம் மாதிரியே வாசனை அடிக்கும். பஞ்சை அதில் நனைத்துப் பசையின் மேல் வைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடி, காத்திருந்து, மறுபடி நனைத்தோம். இரண்டு நாள் ஆயிற்று. பழைய பசை மழைக்கால வெல்லம் மாதிரி இளகியது. மேடம் என்னையே எடுக்கச் சொன்னார்; நான் துண்டை அசைத்தேன். பால் பல் ஆடுகிற மாதிரி ஆடி, கையோடு வந்தது. ஓரங்களைச் சுத்தம் செய்து திருப்பி வைத்தேன். அழுத்தவே தேவையில்லை. தன் இடம் தெரிந்து உட்கார்ந்தது. கரிய கோடு தலையிலிருந்து வாய் வரை ஒரே ஓட்டமாக ஓடியது.

மிச்சம் கீழ்ப்பாதி. அதை ஆறு பேர் தூக்கலாம். ஆனால் ஆறு பேரால் நூல் நூலாக நகர்த்த முடியாது. இடித்தால் உடைந்துவிடும். என் வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டேன். என்ஜின் தூக்குகிற செயின் பிளாக்கோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். உத்தரத்தில் அதை மாட்டி, அகலமான நாடாக்களை எலும்புக்கு அடியில் கொடுத்து, சங்கிலியைக் கண்ணி கண்ணியாக இழுத்தார். எலும்பு மணலைவிட்டு எழும்பித் தொங்கியது. துறையே சுவரோரமாக நின்றது. மேடம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

"எடம் விடாத, மெதுவா… உன் பக்கம் கொஞ்சம் தூக்கு" என்று என் வீட்டுக்காரர் என்ஜினுக்குச் சொல்வது போலவே சொல்லிக்கொண்டு வந்தார்.

ஒரு விரற்கடை. அரை விரற்கடை. நான் கண்ணை மூடிக்கொண்டு இடைவெளியில் விரலை ஓட்டினேன். எந்த மேடு எந்தப் பள்ளத்துக்கு என்று கண்ணைவிட விரலுக்கு நன்றாகத் தெரிந்தது. "லேசா வலது பக்கம் திருப்புங்க" என்றேன். திருப்பினார்கள். விரலை எடுத்தேன்.

டக்.

பெட்டிக்கு மூடி விழுகிற சின்னச் சத்தம்தான். அறையில் எல்லாருக்கும் கேட்டது.

எலும்பின் பின்புறம், வால் தசை பிடித்துக்கொள்வதற்காக ஒரு புடைப்பு இருக்கும். மேல்பாதியில் அதன் தொடக்கமும் கீழ்ப்பாதியில் அதன் முடிவும் இத்தனை காலம் தனித்தனியாகக் கிடந்தன. இப்போது அது ஒரே மேடாக எழுந்து இறங்கியது. மேடம் அதன்மேல் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் தடவினார்.

"ஒண்ணுதான்" என்றார் மெதுவாக. அப்புறம் கத்தினார்: "ஒண்ணுதான்ரா! ஒகட்டே!"

யாரோ விசில் அடித்தார்கள். மேடம் என்னைக் கட்டிக்கொண்டார். சங்கிலியைப் பிடித்திருந்த என் வீட்டுக்காரர் மட்டும், "யாராச்சும் அடியில மணல் மூட்ட வைங்க, கை கடுக்குது" என்றார்.

நிபுணருக்கு மேடம் படங்கள் அனுப்பினார். தாம் செய்த தவறையும் மறைக்காமல் எழுதினார். படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, எப்படியும் திருமலைக்கு வருகிறேன், வந்து பார்க்கிறேன் என்று பதில் வந்தது. சொன்னபடி ஒரு காலை வந்தார். மொட்டைத் தலையில் சந்தனம், நெற்றியில் நாமம், கையில் லட்டுப் பை, இன்னொரு கையில் ஊன்றுகோல். எனக்குக் கை கூப்பத் தோன்றியது.

பேசாமல் எலும்பைச் சுற்றி வந்தார். லென்ஸ் கேட்டார். நான் விளக்கை அணைத்து டார்ச்சைத் தாழ வைத்துக் காட்டினேன். கோட்டின் தலையிலிருந்து அடிவரை லென்ஸோடு போனார். இணைப்பில் நின்றார். நகத்தை அதில் குறுக்காக ஓட்டிப் பார்த்தார். நகம் எங்கும் தட்டவில்லை. மறுபடி ஒரு தடவை முதலிலிருந்து போனார்.

"இதப் பார்த்தது யாரு?" என்று தெலுங்கில் கேட்டார்.

மேடம் என்னைக் காட்டினார்.

"என்ன படிச்சிருக்கம்மா?"

"பத்தாவது சார். தமிழ் மீடியம்."

அவர் ஊன்றுகோலை மேஜையில் சாய்த்து வைத்தார். மேடத்தின் பக்கம் திரும்பினார். "நான் எழுதினது தப்பு. அன்னிக்கு அந்தக் கூட்டத்துல நீங்க சொன்னதுதான் சரி. சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தன். திருத்தி எழுதுங்க. நான் தப்புன்னு என் பேர் போட்டே எழுதுங்க."

மேடம் ஒரு ஸ்டூலை இழுத்து அவருக்குப் போட்டார்.  கிளம்பும்போது அந்தப் பெரியவர் லட்டுப் பையை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கட்டுரை எழுதும்போது ஒரு பேச்சு வந்தது. அட்டெண்டர் பெயரைக் கட்டுரையாசிரியர்கள் வரிசையில் போடுவதில்லை, கடைசியில் நன்றி என்று போடலாம் என்றார் இன்னொரு பேராசிரியர். "நன்றி சொல்றதுக்கு லட்டு போதும். பேரு மேலதான் வரும்" என்றார் மேடம். மூன்றாவது பெயராக வந்தது. ஆங்கிலத்தில் என் பெயரை அவ்வளவு சின்ன எழுத்தில், அவ்வளவு அழகாக நான் பார்த்ததே இல்லை.

காட்சிக்கூடம் திறந்த அன்று எலும்பை நிமிர்த்தி நிறுத்தியிருந்தார்கள். புதிய சீட்டில் 'ஒரே விலங்கின் தொடை எலும்பு' என்று இருந்தது. என் மகள் அவள் அப்பாவை இழுத்துப்போய் அதன் பக்கத்தில் நிறுத்தினாள்.

"நைனா, உன் நெஞ்சு வரிக்கும் வருது! தொட மட்டுமே இவ்ளோன்னா?"

அவர் நெஞ்சை நிமிர்த்திப் பார்த்தார். போட்டோவில் எலும்பைவிட அவர்தான் பெருமையாக நிற்கிறார். அன்று மாலை வரை வந்தவர்களுக்கெல்லாம் நான்தான் விளக்கம் சொன்னேன். திருமலைக்குப் போகும் வழியில் எங்கள் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். ஊரில் என்னைக் கண்ணாடி துடைக்கிறவள் என்று சொல்லிச் சிரித்த என் ஓரகத்தி, கூட்டத்தின் முன்னால் நின்றுகொண்டு, "இத ஒட்டனது எங்க வூட்டுப் பொண்ணுதான்" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டும் கேளாதது போல் நின்றேன். ஆனால் இன்னொரு தடவை சொல்லமாட்டாரா என்றிருந்தது.

ஓய்வு பெறுமுன் மேடம் கடைசியாக ஒருமுறை கோட்டாவுக்குப் போனார். என்னையும் ஆராய்ச்சி மாணவிகள் இருவரையும் கூட்டிப்போனார். ரயில், அப்புறம் பஸ், அப்புறம் ஜீப். பருத்தி வயல்களுக்கு நடுவே சிவப்புக் களிமண் வெட்டுண்டு நின்றது. அதற்கு மேலே மணற்கல், ஓரிடத்தில் வெளிறிய சுண்ணாம்புக் கல். படிப்படியாக அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. இவ்வளவு காலம் மேஜையில் தொட்டதெல்லாம் இந்த மண்ணிலிருந்துதான் வந்தது என்று நினைத்தபோது, செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கத் தோன்றியது. வெயிலில் மண் சுட்டது. மாட்டிக்கொண்டேன்.

இரண்டு நாள் யாருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாம் நாள் காலை, ஓடைக்குள் இறங்கி ஏறும்போது நான் சறுக்கி விழுந்தேன். எழுவதற்காகக் கையூன்றிய இடத்தில், களிமண்ணுக்குள் தேன்கூடு மாதிரிக் கண்கள் நிறைந்த ஒரு விளிம்பு என் உள்ளங்கையில் உறுத்தியது. சுற்றியிருந்த மண்ணை விரலால் கொஞ்சம் விலக்கினேன். வளைவாக உள்ளே போனது.

"மேடம்!" என்று நான் போட்ட சத்தத்தில் வயலில் களை எடுத்தவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். பாம்பு கடித்ததென்று நினைத்தார்களாம்.

மேடம் முழங்கால் போட்டு உட்கார்ந்து பிரஷ்ஷால் மெல்லத் தள்ளிப் பார்த்தார். "முதுகெலும்பு. உள்ள இன்னும் இருக்கு" என்றார். பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து என் மடியில் வைத்தார். "நீயே எழுது. எந்த மொழியில வேணாலும் எழுது."

தமிழில் எழுதினேன். சிவப்புக் களிமண் அடுக்கு, ஓடையின் மேற்குக் கரை, முதுகெலும்பு ஒன்று. கண்டெடுத்தவர் என்ற இடத்தில் 'நான்' என்று எழுதினேன். மேடம் எட்டிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"நான்னா யாருன்னு தெரியும்? பேரப் போடும்மா!"

அதை அடித்துவிட்டு, அந்த வரி முழுவதும் நிறைகிற மாதிரி, பெரிய எழுத்தில் என் பெயரைப் போட்டேன்.